எண்பத்தைந்தாம் வருஷத்து இன்ஜின்

அத்தியாயம் பதினேழு

மாமியாரின் கண் ஆபரேஷனுக்குத் துணையாக நாலு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு, நேற்று மாலைதான் மூத்த மருமகள் வீடு திரும்பினாள். பையைக் கீழே வைத்ததும் முதல் வேலையாக பீரோவைத் திறந்து பார்த்தாள். புடவைகளுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த கடிதம் வைத்த இடத்தில் வைத்தபடியே இருந்தது. யாரும் பார்க்கவில்லை என்று நிம்மதியாக மூச்சு விட்டாள்.

அந்த நிம்மதிக்கு ஆயுசு ஒரு ராத்திரிதான்.

கடிதத்தில் இருந்த விஷயம் உங்களுக்குத் தெரியும். மலை மேல் இருக்கிற வாகனப் பரிசோதனை நிலையத்தில் பரிசோதகர் வேலை. திங்கட்கிழமை காலையில் சேர வேண்டும். கடைசி வரியில் ஒரு நிபந்தனை: மலைப்பாதையில் போகக்கூடிய, நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி சொந்தமாக இருக்க வேண்டும். அந்த வரியைப் படித்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. உலகத்தில் சொந்தமென்று அவளுக்கு இருந்தது அது ஒன்றுதான். கிணறு தோண்டுகிற இயந்திரங்களோடு காடு மேடெல்லாம் அலைந்த அப்பா, மகளுக்கென்று விட்டுப்போன பச்சை நிற பிக்கப். எண்பத்தைந்தாம் வருஷத்து வண்டி. பட்டறைக்குப் பின்பக்கம், தார்ப்பாய் போர்த்தி, அவளைப் போலவே பதினோரு வருஷமாக அங்கே நிற்கிறது. மாதம் ஒரு தடவை கிளப்பி, கால் மணி நேரம் ஓடவிட்டு நிறுத்துவாள்.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. இன்னும் கணவனிடம் சொல்லவில்லை.

காலையில் மாமியாரின் கண்ணுக்கு மருந்து விட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, ஒரு கண்ணைத்தான் கட்டியிருக்காங்க. இன்னொண்ணு நல்லாவே தெரியுது."

"தலையை ஆட்டாதீங்க அத்தை. மருந்து கன்னத்துல ஓடுது."

"ஓடட்டும். பீரோ மேல இருந்த சூட்கேஸ் கீழ வந்திருக்கே."

"தூசி தட்டினேன்."

"தட்டினே, சரி. பீரோ மேல தூசி அப்படியே இருக்கு. சூட்கேஸ் தூசி மட்டும் என்ன பாவம் பண்ணிச்சு?"

மருந்துச் சீசாவின் மூடியைத் திருகினாள். திருகி முடித்த பிறகும் திருகிக்கொண்டிருந்தாள்.

"எத்தனை நாளைக்கு?" என்றாள் மாமியார்.

"எது அத்தை?"

"நாலு நாள் என் கட்டில் பக்கத்துல ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தே. நாலு நாளும் உன் மூஞ்சில ஒரு பேச்சு வந்து வந்து போச்சு. நான் கேட்டா நீ சொல்லிடுவியோன்னு பயந்து கேக்காம இருந்தேன்." கிழவி குரலைத் தாழ்த்தினாள். "அவனுக்குத் தெரியும்."

"யாருக்கு?"

"உன் புருஷனுக்கு. லெட்டர் வந்த அன்னைக்கே படிச்சுட்டு, இருந்த மாதிரியே மடிச்சு வச்சுட்டான். அவன்தான் எல்லாத்தையும் பார்த்துப் பார்த்துத் திருப்பி வைக்கிறவனாச்சே. எனக்கு அடுத்த மாசம்னுதானே ஆபரேஷன் குறிச்சிருந்தாங்க? இந்த வாரத்துக்கு இழுத்தது யாருன்னு நினைச்சே?"

"டாக்டருக்கு அடுத்த மாசம் லீவுன்னு..."

"என்கிட்டயும் அப்படித்தான் சொன்னான். அந்த டாக்டர்கிட்டயே கேட்டேன். அவருக்கு லீவும் இல்லை, ஒண்ணும் இல்லை. எதுக்கு உன்னை நாலு நாள் இங்கேருந்து கிளப்பினான்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா கண்ணைத் திறந்துகிட்டே இருந்திருப்பேன்."

அவள் சீசாவை ஜன்னலில் வைத்துவிட்டு எழுந்தாள்.

இந்த வீட்டின் அமைப்பை ஒரு தடவை மறுபடி சொல்லிவிடுகிறேன். கீழே பட்டறை, மேலே வீடு. மாடிப்படி பட்டறைக்கு நடுவில்தான் இறங்குகிறது. தெருவுக்குப் போகவேண்டுமானால் பட்டறையைத் தாண்டி, ஷட்டரைத் தாண்டித்தான் போக வேண்டும். காய்கறி வாங்கப் போனாலும் கணவனின் கண்ணில் படாமல் போக முடியாது. படிக்கு வலது பக்கம் கம்பிவலை அடித்த பாகங்கள் அறை. பதினோரு வருஷமாக அவள் உட்கார்ந்திருக்கிற இடம் அது. பழைய விளக்கு, கதவுப் பிடி, எதைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு வந்து நீட்டினாலும், கையில் வாங்காமலே வருஷம் சொல்வாள். அதனால் அவளுக்கு 'வருஷம் அக்கா' என்று பேர் விழுந்துவிட்டது. இந்தப் பட்டறையில் ஒரு வழக்கம். விற்கிற வண்டிக்கு அடியில் அவள் படுத்து, பார்த்து, வாங்குகிறவர் காதுபட வருஷத்தைச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் சாவி கைமாறும். ஊரில் இந்தப் பட்டறைக்கு இருக்கிற மரியாதையே அந்த ஒரு வார்த்தையில்தான் நிற்கிறது.

பின்பக்கம் போய்த் தார்ப்பாயைத் தூக்கிப் பார்க்கத்தான் இறங்கினாள். கடைசிப் படியில் கொழுந்தன் வழிமறித்தான்.

"அண்ணி, கரெக்டா வந்தீங்க. டாக்டரம்மா வந்துட்டாங்க."

"எந்த டாக்டரம்மா?"

"மாட்டு டாக்டர். நீங்க ஆஸ்பத்திரியில இருக்கும்போது ரெண்டு தடவை வந்துட்டாங்க. வருஷம் அக்கா சொன்னாத்தான் எடுப்பேங்கறாங்க. அண்ணி, இது நான் பேசி முடிக்கிற முதல் வண்டி. கொஞ்சம் பார்த்து..."

"பார்க்கத்தானே போறேன்."

"பார்த்துன்னா, பார்க்கிற பார்த்து இல்ல அண்ணி."

அவன் அப்படித்தான். முப்பது வயது. வாய் ஒன்றை வைத்துக்கொண்டு பிழைத்துவிடலாம் என்று நம்புகிறவன். அண்ணன் ஒரு நாளும் அவனைத் தனியாக ஒரு வண்டி விற்க விட்டதில்லை.

டாக்டரம்மா ஷட்டருக்கு உள்பக்கம் நின்றிருந்தாள். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கக்கத்தில் ஒரு நோட்டு. இரண்டு பிக்கப்புகளுக்கும் நடுவில் நின்று, மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்று சிவப்பு, எண்பத்தாறு. இன்னொன்று வெள்ளை. அந்த வெள்ளை எண்பத்து நான்கு என்பது மருமகளுக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும்.

"வாங்க அக்கா. எனக்குத் தலை சுத்துது. ஆளுக்கு ஒரு வருஷம் சொல்றாங்க. எண்பத்தஞ்சுதான் ராஜா, அது கிடைச்சா கண்ணை மூடிக்கிட்டு எடுங்கறாங்க. அது ஏன் ராஜா?"

"முன் பக்கத்து அச்சு ஒரே தண்டா இருக்கும். கல்லு மேல ஏறினா வளையாது. அது எண்பத்தஞ்சோட நின்னுபோச்சு. எண்பத்தாறுல முன் சக்கரம் ரெண்டையும் தனித்தனியாப் பிரிச்சுட்டாங்க. தார் ரோட்டுல மெத்தையாட்டம் போகும். பாறையில அழும்."

"சரி. அப்போ எண்பத்தி நாலுல தண்டு இருக்குல்ல?"

"இருக்கு. ஆனா அதுல கார்புரேட்டர். எண்பத்தஞ்சுல பெட்ரோலை அளந்து பீய்ச்சற மிஷின் வந்துடுச்சு. செங்குத்தா ஏறினாலும் திணறாது. தண்டும் இருக்கும், பீய்ச்சற மிஷினும் இருக்கும். ரெண்டும் ஒண்ணா இருக்கிறது அந்த ஒரு வருஷம்தான்."

"ஒரு வருஷம்தானா," என்று டாக்டரம்மா நோட்டில் எழுதிக்கொண்டாள். "உங்க தம்பியும் அதையேதான் சொன்னார். இந்த வெள்ளை வண்டி எண்பத்தஞ்சு மாதிரியேன்னார்."

அவள் கொழுந்தனைப் பார்த்தாள். அவன் சிவப்பு வண்டியின் கண்ணாடியைத் துணியால் துடைக்க ஆரம்பித்தான்.

"மாதிரியேன்னா?"

"இன்ஜின் மாத்தியிருக்கோம் அண்ணி. எண்பத்தஞ்சு இன்ஜின், வயரிங், எல்லாம் ஏத்தியாச்சு. தண்டு ஏற்கெனவே இருக்கு. அப்போ எண்பத்தஞ்சுதானே?"

"இன்ஜின் எங்கேருந்து வந்துச்சு?"

"வெளியூர்ல ஒரு அடிபட்ட வண்டி..."

"எந்த ஊரு?"

"அண்ணி, கண்ணாடியில என்ன கறை பாருங்க, போகவே மாட்டேங்குது."

அவள் சுவரில் சாய்த்திருந்த சக்கரப் பலகையை எடுத்துத் தரையில் போட்டு, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு மல்லாந்து படுத்தாள். காலால் உந்தி வெள்ளை வண்டிக்கு அடியில் போனாள்.

கை விளக்கைத் தூக்கிப் பிடித்தாள். முதலில் வண்டியைத் தாங்குகிற அடிச்சட்டத்தில் அடித்திருந்த நம்பர். எண்பத்து நான்கு, சந்தேகமே இல்லை. பிறகு விளக்கை இன்ஜினுக்கு அடியில் கொண்டுபோனாள். எண்ணெய்த் தொட்டியின் இடது ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தகடு. அதைச் சுற்றி மீன் செதில் மாதிரி அடுக்கடுக்காக வெல்டிங். கடைசிச் செதில் மட்டும் கோணலாக இருந்தது.

அந்தக் கோணலுக்குக் காரணம் அவள்தான். பாறையில் இடித்து ஓட்டையான பச்சை பிக்கப்பின் தொட்டியை அப்பா அடைத்துக்கொண்டிருந்தபோது, பத்து வயதுப் பெண்ணாக இருந்தவள் பின்னால் நின்று தும்மினாள். அப்பா கை அசைந்துவிட்டது. "இனிமே இந்த வண்டி எங்கே போனாலும் நீதான் தும்மினேன்னு சொல்லிக்கிட்டே போகும்," என்றார்.

அவள் விளக்கை அணைத்தாள்.

அடிபட்ட வண்டி என்று கொழுந்தன் சொன்னதில் பொய் இல்லை. அந்த வண்டி பின்முற்றத்தில், தார்ப்பாய்க்குள், வயிறு காலியாக நிற்கிறது. இந்த நாலு நாளில்தான். கிழவியின் கண்ணைக் கட்டி, மருமகளையும் ஆஸ்பத்திரியில் கட்டிப்போட்டு, அண்ணனும் தம்பியுமாக எடுத்திருக்கிறார்கள்.

மேலே பேச்சுக் கேட்டது. ஆட்கள் தெரியவில்லை, கால்கள்தான் தெரிந்தன. வலது பக்கம் ரப்பர் பூட்ஸ். அவள் கால்மாட்டில் கொழுந்தனின் செருப்பு. இடது பக்கம் ஒரு ஜோடி கறுப்பு ஷூ வந்து நின்றது. நிற்கும்போது ஒரு ஷூவின் முனை பலகையின் சக்கரத்தில் முட்டி நின்றது. வேண்டுமென்றா, தற்செயலா? அவள் காலால் உந்திப் பார்த்தாள். பலகை நகரவில்லை.

"என்ன, பார்த்தாச்சா?" கணவனின் குரல்.

"பார்த்தாச்சு."

"அப்போ சொல்லிடு. அவங்க மலைக்குத் திரும்பணும்ல."

இவ்வளவு சாதுவாக அவன் பேசினால், எல்லாவற்றையும் ஏற்கெனவே முடித்துவிட்டான் என்று அர்த்தம். பதினோரு வருஷத்தில் அவன் ஒரு தடவைகூடக் கத்தியதில்லை. கதவைச் சாத்துவான், சத்தமில்லாமல் சாத்துவான்.

எண்பத்தைந்து என்று சொன்னால் இந்த இன்ஜின் இன்றைக்கே மலையேறிவிடும். திங்கட்கிழமை அவள் ஏற முடியாது. சொன்னது பொய்யென்று இந்த வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாது. அந்தப் பொய்யோடு மறுபடி கம்பிவலைக்குள் போய் உட்கார வேண்டும். உண்மையைச் சொன்னால் கொழுந்தனின் முதல் வியாபாரம் போச்சு, பட்டறையின் பேரும் போச்சு. அப்போதும் அவள் இங்கேதான்.

"டாக்டரம்மா," என்றாள் அடியிலிருந்து. "நீங்க மலையில எங்கே நிறுத்துவீங்க? பக்கத்துல பட்டறை இருக்கா?"

"பட்டறையா? மனுஷங்களே கிடையாது அக்கா. நடுவழியில நின்னா மாடுதான் தள்ளணும்."

"கூட யாராவது வருவாங்களா?"

"நானும் என் பையும்தான்."

"ஸ்குரூ டிரைவர் பிடிப்பீங்களா?"

"கன்னுக்குட்டியைத் திருப்பி வெளிய எடுக்கிறவ. ஸ்குரூவைத் திருப்ப மாட்டேனா?"

கொழுந்தனின் செருப்பு இரண்டு தப்படி நடந்து திரும்பியது. "அண்ணி, வருஷத்தைச் சொல்லுங்கன்னா நீங்க அவங்க ஜாதகத்தையே கேக்கறீங்க."

"சொல்றேன். சட்டம் எண்பத்தி நாலு. தண்டு எண்பத்தி நாலு. இன்ஜின் எண்பத்தஞ்சு. அந்த இன்ஜின் என்னோடது. என்னைக் கேக்காம எடுத்து வச்சிருக்காங்க."

கொழுந்தனின் கையில் இருந்த துடைக்கிற துணி அவன் செருப்பின் மேல் விழுந்தது.

"உங்களோடதுன்னா?" என்றாள் டாக்டரம்மா.

"எங்கப்பா வண்டி. பின்னாடி நிக்குது. அதான் நீங்க தேடற எண்பத்தஞ்சு."

"அப்போ அதையே..."

"விக்கிறதுக்கு இல்லை. விக்கிறதா இருந்தாலும் உங்களுக்குக் கொடுக்கமாட்டேன். ராஜாதான், இல்லேங்கலை. ஆனா ராஜாவுக்கு உடம்புக்கு வந்தா வைத்தியர் வேணும். அந்தப் பீய்ச்சற மிஷின் நின்னுபோச்சுன்னா நடுக்காட்டுல உங்களால ஒண்ணும் பண்ண முடியாது. கார்புரேட்டர் அடைச்சா கழட்டி, ஊதி, மாட்டி, கிளம்பிடலாம். எனக்கு நல்ல வருஷம் எண்பத்தஞ்சு. உங்களுக்கு எண்பத்தி நாலு. இந்த வெள்ளை வண்டி இருந்த மாதிரியே இருந்திருந்தா, கண்ணை மூடிக்கிட்டு எடுங்கன்னு சொல்லியிருப்பேன். நல்லா இருந்த வண்டியைத் திருத்தறேன்னு கெடுத்து வச்சிருக்காங்க."

பூட்ஸ் ஒரு தப்படி பின்வாங்கியது. பிறகு முழங்கால்கள் மடங்கின. டாக்டரம்மாவின் முகம் தரையோடு தரையாக எட்டிப் பார்த்தது.

"பழைய இன்ஜின் இருக்கா?"

"அவங்களைக் கேளுங்க."

"இருக்கு," என்றான் கொழுந்தன், சுரத்தில்லாமல். "பின்னாடி கட்டை மேல வச்சிருக்கோம். அது ஒண்ணும் ஆகலை."

"அதைத் திருப்பி மாட்டிக் கொடுத்தா எடுத்துக்கறேன். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வர்றேன். ஆனா இந்த அக்கா அடியில படுத்துப் பார்த்துச் சொல்லணும். வேற யார் சொன்னாலும் எடுக்கமாட்டேன்." எழுந்தபோது முழங்காலைத் தட்டிக்கொண்டாள். யாரையும் பார்க்காமல் சொன்னாள்: "மாட்டைப் போட்டு வைத்தியம் பார்க்கிறதுக்கு முன்னாடி, மாட்டுக்காரங்ககிட்ட ஒரு வார்த்தை கேப்போம்."

பூட்ஸ் ஷட்டரைத் தாண்டிப் போய்விட்டது.

கறுப்பு ஷூ நின்ற இடத்திலேயே நின்றது.

"வெளிய வா," என்றான் கணவன்.

"பலகையை விடுங்க."

அவன் காலை எடுக்கவில்லை. "உன் லெட்டரைப் படிச்சேன்."

"படிச்சுட்டு என்கிட்ட கேட்டிருக்கலாம்."

"கேட்டா போறேன்னு சொல்லியிருப்பே."

"ஆமா."

"அதான் கேக்கலை."

அவளுக்கு அழுகை வரவில்லை. இத்தனை வருஷத்தில் அவன் அவளிடம் சொன்னதிலேயே நேரான பேச்சு இதுதான் என்று தோன்றியது. அதையும் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை, ஒன்றரை டன் இரும்பு நடுவில் வேண்டியிருந்தது.

"நீ இல்லாம இங்கே நான் என்னத்தைப் பண்ணுவேன்?" என்றான். "வர்றவன் எல்லாம் உன்னைத்தானே கேக்கறான். என்னைக் கேக்கறானா ஒருத்தன்?"

"கத்துக்கோங்கன்னு எத்தனை தடவை சொன்னேன்?"

"நீதான் இருக்கியேன்னு இருந்துட்டேன்."

"நானும் இருந்துட்டேன். போதும்."

"அண்ணி," கொழுந்தனின் செருப்பு கிட்டே வந்தது. "சத்தியமா எனக்கு லெட்டர் விஷயம் தெரியாது. சும்மாதானே நிக்குது, உன் அண்ணி ஒண்ணும் சொல்லமாட்டான்னு அண்ணன் சொன்னான். நிக்கிற வண்டியில இருந்து பாகம் எடுக்கிறது நம்ம பட்டறையில புதுசா என்ன? நானும் எடுத்துட்டேன்."

"நிக்கிறதெல்லாம் உங்களுக்குப் பாகம் எடுக்கிற அலமாரிதான்."

அவன் கணக்குப் போடுகிறவன் மாதிரி முணுமுணுத்தான். "இன்னைக்கு மத்தியானம் இதை இறக்கினா, நாளைக்குக் காலையில பழசை ஏத்திடலாம். நாளைக்கு மத்தியானமே பச்சை வண்டியில இதை உட்கார வச்சா, வயரிங் ஞாயித்துக்கிழமை. மூணு பேரா வேலை செஞ்சா முடியும். அண்ணி அடியில, நான் மேல..."

"யாரும் எதையும் இறக்கப் போறதில்லை," என்றான் அண்ணன். "செயின் பிளாக்கைப் பூட்டியிருக்கேன்."

"எப்போ பூட்டினே?"

"நேத்து."

இன்ஜினைத் தூக்குகிற சங்கிலிக் கப்பி இல்லாமல் ஒன்றும் அசையாது. மூவருக்கும் அது தெரியும்.

"சாவி?"

"என்கிட்ட இருக்கு."

"குடுண்ணே."

"டேய், உனக்குப் புரியலையா? ரெண்டு இன்ஜினும் அந்தந்த இடத்துக்குப் போயிட்டா, திங்கட்கிழமை உன் அண்ணி போயிடுவா. அடுத்த வண்டிக்கு யாருடா வருஷம் சொல்றது?"

"போகலைன்னாலும் சொல்லமாட்டாங்க அண்ணே. இப்போ கேட்டேல்ல? இனிமே அவங்க நமக்காக வாயைத் திறப்பாங்கன்னா நினைக்கிறே?"

ஷூ லேசாக அசைந்தது. எடை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறியது, அவ்வளவுதான்.

"அம்மா மேலேருந்து பார்த்துக்கிட்டு நிக்கறாங்க," என்றான் தம்பி, குரலைத் தணித்து. "படியில. சாவியைக் குடுண்ணே."

செருப்பு இரண்டும் ஷூவுக்கு நேரே திரும்பி நின்றன. தம்பி கையை நீட்டிக்கொண்டிருக்கிறான் என்பதை அவளால் பார்க்க முடியவில்லை. வெள்ளை வண்டியின் கதவில் அவன் முழங்கை இடித்த சத்தத்தை வைத்துத் தெரிந்துகொண்டாள்.

அவளும் பலகையில் படுத்தபடியே, சக்கரத்துக்கும் ஷூவுக்கும் நடுவில் இருந்த இடைவெளி வழியாகக் கையை வெளியே நீட்டினாள். உள்ளங்கை மேலே பார்த்து விரிந்திருந்தது. கிரீஸ் அப்பியிருந்தது.

கணவனின் சட்டைப் பைக்குள் சாவி குலுங்கியது. கை உள்ளே போயிருக்கிறது. இன்னும் வெளியே வரவில்லை.